முந்நூறு போகுமாம்

முந்நூறு போகுமாம். எங்கே போவதற்கு என்று நான் கேட்கவில்லை. மொழிபெயர்க்க வந்தவள் தன் பாட்டில் கேள்வி கேட்கக்கூடாது. மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் போகுமாம் என்று இவரிடம் தமிழில் சொன்னேன், இவர் தலையாட்டினார், காரின் சொந்தக்காரர் ஹெர் பிரிங்க்மன் என்கிற கிழவரும் சேர்ந்து தலையாட்டினார், நடுவில் நான் குடையும் இல்லாமல் தூறலில் நின்றேன். ஜேர்மனியில் ஆடி மாதமும் இப்படித்தான், வெயில் என்று நம்பி வெளியே வந்தால் நனைத்து அனுப்பும். கார் கறுப்பு. நீளம். கூரை பின்னால் சரியாமல் நேராகப் போய்க் கடைசியில் இறங்குகிற வகை, இங்கே கொம்பி என்பார்கள், பிள்ளைகுட்டிக்காரர் வாங்குவது. ஆனால் இதற்குள் ஓட்டப்பந்தயக் காரின் இயந்திரத்தை வைத்து அடைத்திருக்கிறார்கள். ஐந்நூறுக்கு மேல் குதிரை என்று கிழவர் சொன்னார். அதையும் சொன்னேன். குதிரை என்று வாயால் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை, இப்போதெல்லாம் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடுகிறது. யாருக்கு இந்தக் குதிரைகள்? இதோ நிற்கிறாரே என் கணவர் நவநீதன், கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர், ஆளில்லாத தரிப்பிடத்திலும் சிக்னல் போட்டுத் திரும்புகிற மனுசன், ஒட்டோபான் நெடுஞ்சாலையில் லொறிக்குப் பின்னால் லொறியாகப் போகிற மனுசன், இவருக்குத்தான். மாமி போனில் கத்தினா, ஆடி மாசத்துல ஆடிக் காரு வாங்க அப்படி என்ன அவசரம், ஆவணி பொறக்கட்டுமே என்று. இங்கே அதை அவுடி என்றுதான் சொல்வார்கள், ஆகவே தோசமில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கோ என்றேன். முந்தி என்றால் அதற்கு இவர் அரை நாள் சிரித்திருப்பார். இந்த முறை போனை வைத்துவிட்டு மறுபடி அந்தக் காரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழவர் பின்பக்கம் போய்க் காலை ஒரு தரம் ஆட்டிக் காட்டுகிறார், கதவு தானாக எழும்புகிறது. உள்ளே எவ்வளவு இடம். சாம்பல் நிறக் கம்பளம், ஓரத்தில் இன்னும் நாய்மயிர் ஒட்டியிருக்கிறது. இரண்டு பெரிய நாய்கள் இருந்தனவாம், அவற்றுக்காகத்தான் கொம்பி வாங்கினாராம், இரண்டும் போய்விட்டன, மனைவிக்கு இந்தக் காரில் ஏறினாலே நெஞ்சு படபடக்குமாம், ஆகவே விற்கிறாராம். எல்லாவற்றையும் ஒழுங்காகத் தமிழாக்கினேன். பிறகு கிழவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்து, கிண்டர்வாகனை மடிக்காமலே அப்படியே தள்ளி ஏற்றலாம் என்றார். கிண்டர் என்றால் பிள்ளை. வாகன் என்றால். நான் நிலத்தைப் பார்த்தேன், சரளைக் கல்லில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. சாமான் நிறைய வைக்கலாமாம், என்று இவரிடம் சொன்னேன். இவர் சரி என்றார். பிள்ளைகள் உண்டா என்று கிழவர் என்னைக் கேட்டார், இன்னும் இல்லை என்று நானே ஜேர்மனில் சொல்லிவிட்டேன், என்ன கேக்கறாரு என்று இவர் கேட்டார், நாலு ரயரும் புதுசாம் என்றேன். நான் இப்படித்தான். இந்த நாட்டில் வளர்ந்தவள், இவர் வேலைக்கென்று வந்து இறங்கியவர், இவருக்கும் இந்த மொழிக்கும் நடுவில் நான் ஒரு சல்லடை. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் சத்தம் போட்டால் சுகம் கேக்கிறான் என்று சொல்வேன். ஒரு முறை கீழ் வீட்டு அம்மா ஏறி வந்து, உங்கள் தாளிப்பு மணம் என் திரைச்சீலையில் ஏறிவிட்டது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னா. நல்ல மணமாம் எண்டு சொல்றா, என்றேன். இந்த மனுசன் மறுநாள் ஒரு தூக்குச்சட்டி நிறைய சாம்பாரைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் நீட்டிவிட்டது. அந்த அம்மாவும் என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டா. உண்மை தெரிந்த நாளிலிருந்து நான் எதை மொழிபெயர்த்தாலும் இவர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இது ஒரிஜினலா உன்னோட சரக்கா என்பார். அது எங்கள் வீட்டுப் பகிடி. அந்தப் பகிடிதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது. கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது. மூடுங்கோ, யாராவது மூடுங்கோ. இதே மாதிரி நீளக் கறுப்புக் காரைத்தான் அடக்க வேலை செய்கிறவர்கள் கொண்டுவந்தார்கள், இதே மாதிரிப் பின்கதவு, இதே சாம்பல் கம்பளம், நடுவில் அந்த வெள்ளைப் பெட்டி. அவ்வளவு பெரிய காரில் அவ்வளவு சின்னப் பெட்டி. உருண்டுவிடும் என்று பயந்தேன், உருளாமல் பட்டி போட்டிருந்தார்கள்.

ஓட்டிப் பார்க்கலாம், நான் வரவில்லை, உங்களைப் பார்த்தாலே தெரிகிறது நிதானமானவர்கள் என்று கிழவர் சொல்லி, எங்கள் பழைய காரின் திறப்பை, இவர் சாவி என்பதை, ஈடாக வாங்கி வைத்துக்கொண்டார். இவர் இருக்கையைச் சரிசெய்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், மறுபடி இருக்கையைச் சரிசெய்தார். பெல்ட்டு போட்டாச்சா என்று என்னைக் கேட்டார். இயந்திரம் எழும்பியபோது என் முதுகெலும்புக்குள் ஒரு உறுமல் ஏறியது. காரு சத்தம் நல்லா இருக்குதில்ல, என்றார். காரு. இவர் கார் என்று சொல்வதை என் காதால் இன்னும் பழக முடியவில்லை. இவருடைய ஊரில் ஸ்கூட்டரிலிருந்து பஸ் வரைக்கும் எல்லாமே வண்டிதான், வாயைத் திறந்தால் வண்டி என்றுதான் வரும், மாசி மாதத்திலிருந்து ஒரு நாள்கூடத் தவறிப்போய் இவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நானும் சொல்வதில்லை, நான் வயிறு என்கிறேன். யாரும் சொல்லித் தடுத்ததில்லை, ஒரு சொல் வீட்டைவிட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். எங்களுக்கு, யாழ்ப்பாணத்தாருக்கு, வண்டி என்றால் வயிறு. மாடு இழுப்பது வண்டில். வயிறு முன்னால் தள்ளினால் வண்டி வைச்சிட்டுது என்போம். இது தெரியாமல்தான் இந்த மனுசன் எனக்கு முன்னால் முதல் முதலாக வந்து நின்றது. கோயில் தேரன்று, நானும் சிநேகிதிகளும் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றோம், சட்டைப் பொத்தான் வயிற்றில் கொஞ்சம் இழுபட, வேர்த்து விறுவிறுத்து வந்து, ஏனுங்க, வண்டிய எங்கீங்க நிறுத்தறது என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அந்தப் பொத்தானைப் பார்த்தோம். கொண்டு திரியிறது நீங்கள், எங்களைக் கேட்டால், என்றேன். மோர் சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். ஒன்றும் விளங்காமல் போனவர், எங்கோ நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, சிரிச்சது எதுக்குன்னு சொன்னீங்கன்னா நானும் சிரிப்பேனுங்க என்று மரியாதையாகக் கேட்டார். விளக்கம் சொன்னேன். மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை மறைத்தார் பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் விழுந்தது. பிறகு என் வயிறு தெரியத் தொடங்கியபோது, வண்டி தெரியுது பிள்ளை என்று அம்மா சொன்னதை இவர் பிடித்துக்கொண்டார். வண்டி சாப்பிட்டுச்சா. வண்டி இன்னைக்கு உதைச்சுச்சா. டொக்டரிடம் போய் வந்தால், வண்டி சர்வீஸ் முடிஞ்சுதா. சிநேகிதர்களிடம், மாசி மாசம் புது வண்டி டெலிவரி. அதுதான் பிள்ளைக்குப் பெயர், பிறந்த பிறகு நல்ல பெயராகப் பார்ப்போம் என்று விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் தாளை வைத்துக்கொண்டு பெயர் என்ன என்று கேட்டபோது எங்கள் இருவர் வாயிலும் வண்டி என்பதைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அவசரமாக ஒரு பெயர் வைத்தோம். அந்தப் பெயரை நான் இன்னும் ஒரு தரமும் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஒட்டோபானுக்கு ஏறுகிற வளைவில் இவர் சிக்னல் போட்டார், பின்னால் யாரும் இல்லை, இருந்தும் போட்டார், நல்லது, மனுசன் மாறவில்லை என்று நான் நினைத்து முடிப்பதற்குள் காலை அழுத்திவிட்டார். இருக்கை என்னைப் பின்னால் இருந்து பிடித்து இழுத்தது. வயிறு மட்டும் பின்னால் நின்று, நான் முன்னால் போனேன். கையைக் கொண்டுபோய் அங்கேதான் வைத்தேன், அந்தக் கைக்கு இன்னும் புத்தி வரவில்லை, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அங்கே போகிறது, காவலுக்கு ஒன்றும் இல்லை என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. பாலும் அப்படித்தான், எல்லாம் முடிந்த பிறகு வந்தது. நெஞ்சு கல்லாகிச் சட்டை நனைந்து, நான் குளியலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், யாருக்கு என்று அதற்குத் தெரியாது. இவர் இடது ஓரத்துப் பாதைக்கு வந்துவிட்டார், என் வாழ்நாளில் இவரோடு இந்தப் பாதையில் நான் போனதில்லை, லொறிகள் எல்லாம் நிற்பது போலப் பின்னால் போகின்றன. பயமாக இருக்கிறது, ஆனால் சாவுக்கான பயம் இல்லை. இவருடைய முகத்தைப் பார்க்கத்தான் பயம். எனக்குத் தெரியும் இவர் எதைத் துரத்துகிறார் என்று. மாசி பிறப்பதற்கு முந்திய அந்த நாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவே எங்கள் கார் குளிருக்கு மக்கர் பண்ணியது, நான் தமிழ்க் கடைக்குப் போகவேண்டும் என்றதால் அதை எனக்கு விட்டுவிட்டு இவர் ரயிலில் வேலைக்குப் போயிருந்தார். காலையில் எழும்பினேன், தேநீர் குடித்தேன், ஏதோ குறைந்தது. என்ன குறைகிறது என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. போன் எடுத்தேன். வண்டி ஒரு மாதிரிக் கிடக்கு, காலமை துடக்கம் அசையவே இல்லை, என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பின்னால் இயந்திரச் சத்தம். இவர் சொன்னார், குளிருக்கு அப்படித்தான் கண்ணு இருக்கும், போட்டு அலட்டிக்காத, அப்படியே விட்டுரு, சாயங்காலம் வந்து பாத்துக்கறேன். எவ்வளவு ஆறுதலாக இருந்தது. அந்தக் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்ததே, குளிருக்குப் பிள்ளைகள் சுருண்டு படுக்கும், இவருக்கு அக்கா இருக்கிறா, அக்காவின் பிள்ளைகளைப் பார்த்தவர், தெரிந்துதான் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நினைக்க விரும்பினேன். எந்த வண்டி என்று இவர் கேட்டிருக்கலாம். என்ரை வண்டி என்று நான் சொல்லியிருக்கலாம். வயிறு என்று சொல்லியிருக்கலாமே, பிள்ளை என்று சொல்லியிருக்கலாமே, இந்த மனுசனின் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். பயம் வந்தால் வாயில் பிறந்த ஊர்ச் சொல்தான் வருகிறது. குளிர்ந்த தோடம்பழச் சாறு குடித்தால் பிள்ளை துள்ளும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து ஒரு போத்தலும் குடித்தேன். இடப்பக்கம் சரிந்து படுத்தேன். வண்டி, வண்டி என்று தட்டிக் கூப்பிட்டேன். யன்னலுக்கு வெளியே எங்கள் கார் பனிக்குள் புதைந்து கொண்டிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

எங்கள் ஊருக்கு இறங்கும் வழி வந்தது, இவர் இறங்கவில்லை, அந்தப் பலகையைக் கடக்கும்போது மணியை ஒரு தரம் பார்த்தார். அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில்தான் வீட்டுக் கதவு திறந்தது. தொப்பியில் பனி. கையில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த வயர், நுனியில் பல்லுப் பல்லாகக் கவ்விகள், வேலையிடத்தில் யாரிடமோ இரவல் வாங்கி வந்த பட்டரி வயர். அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, சாவியக் குடு கண்ணு, வெளிச்சம் போறதுக்குள்ள போட்டுப் பாத்தறலாம், என்றார். நான் இவருடைய கையைப் பார்த்தேன். இவர் என் கை எங்கே கிடக்கிறது என்று பார்த்தார். வயர் நிலத்தில் விழுந்த சத்தம் இப்போதும் கேட்கிறது, கவ்வி பலகைத் தரையில் பட்டுத் துள்ளியது. கார் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது, ஒரு குறையும் இல்லாமல் பிடித்துக்கொண்டது, அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்க முடிவதில்லை. பனியில் ஊர்ந்தோம். இவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் மன்னிச்சுக்க, மன்னிச்சுக்க என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார், என்னிடமா, பிள்ளையிடமா, காரிடமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த இளம் டொக்டர் கருவியை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தா. உட்கார்ந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, நல்ல செய்தி சொல்பவர்கள் நின்றுகொண்டு சொல்வார்கள். நேற்றே நின்றிருக்கிறது, நீங்கள் இன்று காலையிலேயே வந்திருந்தாலும் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றா. இவர் ஜேர்மன் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். என் பிள்ளை செத்ததை நானே மொழிபெயர்த்தேன், ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, வாழ்க்கையில் முதல் தரம் அப்படியே உள்ளது உள்ளபடி சொன்னேன். அப்போது இவருடைய ஒரு கண் கொஞ்சம் சுருங்கியது. ஒரிஜினலா என்று இவர் கேட்கவில்லை, எப்படிக் கேட்பார், ஆனால் அந்தக் கண்ணை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தக் கண்தான். இவர் நம்பவில்லை. சாம்பார்ச் சட்டியைக் கொடுக்கவைத்தவள், வீட்டுக்காரனின் வசவைச் சுகம் விசாரிப்பாக மாற்றியவள், புருசன் தாங்கமாட்டான் என்று டொக்டர் சொன்னதையும் மாற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறார். காலையிலேயே வந்திருந்தால், பறந்து வந்திருந்தால் என்று நினைக்கிறார். அதற்குத்தான் முந்நூறு போகிற கார். இதை எப்படி நான் திருத்துவேன். பொய் சொல்லிப் பழகியவள் உண்மையை எந்தக் குரலில் சொன்னால் எடுபடும்.

சிக்னல். இவர் இறங்குகிறார். இந்த வழியில் ஏன் இறங்குகிறீர்கள் என்று கேட்க வாய் எடுத்தேன், அதற்குள் பூக்கடை வந்துவிட்டது, பிறகு அந்த மஞ்சள் கட்டடம், பிறகு நீல எழுத்து, பிறகு அம்புலன்ஸ் வந்து நிற்கிற கூரை. அந்தக் கூரைக்கு வெளியே ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். உறுமல் நின்றதும் மழைச் சத்தம் கேட்டது. உள்ளே யாரோ ஒரு பெரிய வயிற்றுக்காரி, புருசன் கையில் பையோடு பின்னால் நடக்க, கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனாள். இவர் மணியைப் பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்னைக்கு ஆனதுல பாதி நேரந்தான் ஆச்சு, என்றார். அந்தப் பாதி என்ற சொல் என்னை உடைத்துவிட்டது. இத்தனை மாதமாகச் சமைத்து, துவைத்து, கோயிலுக்குப் போய், நல்லாய் இருக்கிறம் என்று எல்லாருக்கும் சொல்லிக் கட்டிவைத்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது.

"இஞ்சேருங்கோ," என்றேன். "டொக்டர் சொன்னதை நான் மாத்திச் சொல்லேல்லை. ஒரு சொல்லும் மாத்தேல்லை. முதல் நாளே நிண்டிட்டுது எண்டுதான் சொன்னவ. நீங்கள் பறந்து வந்திருந்தாலும் பிள்ளை இல்லை."

"தெரியும் கண்ணு."

"தெரியாது. நீங்கள் நம்பேல்லை. நான் பாத்தனான்."

இவர் என் பக்கம் திரும்பவில்லை, கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ மாத்திச் சொல்றப்போ உன் கண்ணு கீழ போயிரும். இப்ப அந்தப் பெரியவரு கிண்டர்வாகன்னு சொன்னாரு, அவ்வளவு ஜெர்மன் எனக்குந் தெரியும், நீ தரையப் பாத்துக்கிட்டு சாமான்னு சொன்ன. அன்னைக்கு நீ என்னையப் பாத்துத்தான் சொன்ன. அப்பவே நம்பிட்டேன்."

அப்படியென்றால் அந்தச் சுருங்கிய கண். அது சந்தேகம் இல்லையா? அழுகையை அடக்கினால் கண் சுருங்கும், அதுகூடத் தெரியாமல் இத்தனை மாதம் நான் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இந்த மனுசனைப் பற்றி ஒரு கதை கட்டியிருக்கிறேன். மொழிபெயர்க்கிறவளாம். பிறகு ஏன் இந்தக் கார், என்று கேட்டேன், என் குரல் கோபமாக வந்தது, கோபம் இல்லை.

"நீ போன் பண்ணுனது காலையில. நான் வந்தது பொழுது விழுந்து. பாப்பாவுக்கு ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது, சரி. ஆனா அத்தனை நேரமும் அதை வயித்துல வெச்சுக்கிட்டு நீ ஒத்தையில படுத்திருந்த. நான் குளிருக்கு அப்படித்தான்னு சொல்லிப்போட்டு கேண்டீன்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பாகிட்ட வர்றதுக்கு இல்ல கண்ணு. உன்கிட்ட வர்றதுக்கு."

அந்தப் பகலைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லை, மாமி கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்த ஆறுதல் சொல்லும் பெண் கேட்கவில்லை. எல்லாரும் பிள்ளையைக் கேட்டார்கள், அடுத்த பிள்ளையைக் கேட்டார்கள், தெய்வத்தைக் கேட்டார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை அந்தக் கட்டிலில் ஒரு பெண் கிடந்தாள் என்பதை இந்த மனுசன் மட்டும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், கார் கார் என்று கார்ப் படங்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் அழுதேன். பெட்டியை இறக்கியபோது அழாத அழுகை, மூக்கு வழிய, அசிங்கமாக, இன்னொருவரின் தோல் இருக்கையில். பிறகு சொன்னேன். தோடம்பழச் சாற்றைச் சொன்னேன், இடப்பக்கம் படுத்ததைச் சொன்னேன், பனிக்குள் கார் புதைவதைப் பார்த்ததைச் சொன்னேன், தட்டித் தட்டிக் கூப்பிட்டதைச் சொன்னேன், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. இவர் எல்லாவற்றையும் கேட்டார், நடுவில் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை, அதற்கு நான் நன்றியாக இருந்தேன். ஒரு அம்புலன்ஸ்காரர் வந்து கண்ணாடியில் தட்டி, இங்கே நிற்கக்கூடாது என்றார். என்ன சொல்றாரு என்று இவர் கேட்டார். இஞ்ச நிக்கக்கூடாதாம், என்றேன், உள்ளது உள்ளபடி.

திரும்பி வரும்போது வலது ஓரம்தான், ஒரு பால் லொறிக்குப் பின்னால், ஐந்நூறு குதிரையும் நடை பழகின. லொறி தெளிக்கும் சேற்றுத் தண்ணீர் கண்ணாடியில் அடித்தது, துடைப்பான் துடைத்தது, முந்திப் போகலாமே என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு இந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. இது வேண்டாங் கண்ணு, என்றார் இவர். நல்ல கார்தானே என்றேன். நல்ல காருதான், அன்னைக்கு எனக்குக் குறைஞ்சது காரு இல்ல, என்றார். கிழவருடைய முற்றத்துக்குத் திரும்பும் இடத்தில், பின்னால் ஒரு பூனைகூட இல்லை, சிக்னல் போட்டார். கிழவர் கூரைக்குக் கீழே எங்கள் திறப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார், சொன்ன நேரத்தைவிடப் பிந்திவிட்டோம், ஆனால் கோபமில்லாத முகம். என் வீங்கிய கண்களைப் பார்த்து வேகத்தில் பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார், தன் மனைவியும் இப்படித்தான் என்று ஏதோ சொன்னார். பிறகு இவரைப் பார்த்து, ம், எப்படி ஓடுகிறது வாகன், என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்று இல்லை, யோசித்தும் இல்லை, கேட்டதை அப்படியே இந்தப் பக்கம் எடுத்துவைத்தேன்.

"வண்டி எப்பிடி ஓடுது எண்டு கேக்கிறார்."

சொன்ன பிறகுதான் கேட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு எங்கள் நடுவில் அந்தச் சொல் வந்து விழுந்து கிடந்தது. மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை, வாகன் என்றால் வண்டிதான். தூறல் இவருடைய நெற்றியில் வழிந்து இமையில் நின்றது. காரைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

"எந்த வண்டி?" என்று கேட்டார்.

அந்தப் பகல் முழுக்க நான் கட்டிலில் கிடந்து காத்திருந்த கேள்வி. கை தன் பாட்டில் அங்கே போனது, இந்த முறை நான் அதைத் தடுக்கவில்லை.

"என்ரை வண்டி," என்றேன். "அசையேல்லை."

குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று இவர் சொல்லவில்லை. வந்து பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை. தெருவில் என் கையைப் பிடிக்கவும் கூச்சப்படுகிற மனுசன், சரளைக் கல்லில் இரண்டு எட்டு வைத்து வந்து, அந்நிய ஆளுக்கு முன்னால், நனைந்த சட்டைக்கு மேலால் என் கைக்கு மேல் தன் கையை வைத்தார். கிழவர் பதிலை ஜேர்மனில் எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மொழிபெயர்க்கவில்லை.